அக்கா வீட்டு லாப்ரடாருக்கு லிம்போமா, நாங்கள் என்ன செய்யலாம்?

வெண்டைக்காய்_சாம்பார்:
அக்கா வீட்டில் ஒரு லாப்ரடார், பெயர் பிரவுனி, 8 வயது. தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கட்டி தட்டுப்பட்டது, ஆன்டிபயாடிக் கொடுத்தும் குறையவில்லை, ஊசியால் உறிஞ்சி எடுத்துச் சோதித்ததில் லிம்போமா (நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய்) என்று வந்துவிட்டது. கீமோ கொடுக்கலாமா வேண்டாமா என்று அக்காவும் அத்தானும் இன்னும் யோசித்துக்கொண்டு இருக்கிறார்கள். அதற்குள் மாமியார் "நாய்க்குப் போய் இவ்வளவு செலவா" என்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் "பாவம், ஊசி போட்டு அனுப்பிடுங்க" என்கிறார், அக்கா யாருடைய போனையும் எடுப்பதில்லை. மூன்றாவது படிக்கும் பையனிடம் எதுவும் சொல்லவில்லை. நான் தாம்பரம், அவர்கள் பெரம்பூர். பணம் கொடுத்தால் அத்தான் வாங்க மாட்டார். வேறு எப்படிக் கூட நிற்பது?

மொட்டைமாடி:
"ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்லிவிட்டு உட்காராதீர்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு வேலையை நீங்களாக எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் நாய்க்குக் கீமோ நடந்தபோது மச்சினன் ஒவ்வொரு முறையும் காரோடு வாசலில் வந்து நின்றான், அதுதான் பெரிய உதவி, ஏனென்றால் பெரிய நாயை ஆட்டோவில் ஏற்றச் சம்மதிக்க மாட்டார்கள். ஒருத்தர் நாயைப் பிடிக்க, ஒருத்தர் பணம் கட்ட, மருந்து வாங்க ஓட. திரும்பி வரும்போது முன்னங்காலில் முடி மழித்த இடத்தில் பேண்டேஜோடு பின்சீட்டில் தூங்கும், அதைப் பார்த்து அழும் மனைவியை நான் கவனிப்பேனா, வண்டி ஓட்டுவேனா?

முடிவை மட்டும் அவர்களிடமே விட்டுவிடுங்கள். செலவு செய்தாலும் பேச்சு வரும், செய்யாவிட்டாலும் பேச்சு வரும்.

கால்நடை_டாக்டர்:
முதலில் ஒன்று. முடிவெடுக்கும் முன் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு தொடங்கிவிட்டார்களா என்று கேளுங்கள். ஸ்டீராய்டு மட்டும் கொடுத்துவிட்டுப் பிறகு கீமோவுக்கு வந்தால் மருந்து அவ்வளவாகக் கேட்காது. கீமோ இல்லாமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் நாய் இருப்பது பொதுவாக ஓரிரு மாதம். வின்கிரிஸ்டின், சைக்ளோபாஸ்பமைடு, டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும் முறையில் பல நாய்கள் ஒரு வருடத்தை ஒட்டி நன்றாகவே இருக்கின்றன, முழுக்கக் குணமாவது அபூர்வம். மனிதர்களுக்கு மாதிரி கடுமையான அளவு கொடுப்பதில்லை, லாப்ரடாருக்கு முடி கொட்டுவதும் குறைவு. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, இன்னொரு கருத்து வேண்டுமென்றால் அங்கே காட்டலாம்.

கீமோ வேண்டாம் என்றாலும் அது கைவிடுவது இல்லை. அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் ஓர் அளவுகோல் தந்தார்: வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்பது. ஒவ்வொன்றுக்கும் 10க்கு மதிப்பெண், நிலைமை நன்றாக இருந்தால் (வலி என்றால், வலி இல்லாவிட்டால்) அதிகம்; கூட்டினால் 35க்கு மேல் இருந்தால் இன்னும் பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். வாரம் ஒருமுறை நீங்கள் தனியாகவும் அக்கா தனியாகவும் போட்டுப் பாருங்கள், தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு மெதுவாக வரும் இறக்கம் தெரியாது.

வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் புரூஃபென் கொடுத்துவிட வேண்டாம். ஸ்டீராய்டோடு சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தப்போக்கு வரும்.

ரவா_உப்புமா:
பையனிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள். "தூங்க வைக்கப் போறோம்" என்ற வார்த்தை மட்டும் வேண்டாம், என் அண்ணன் மகள் அப்புறம் ராத்திரி படுக்கவே பயந்தாள். "கிராமத்துக்கு அனுப்பிட்டோம்" என்பதும் வேண்டாம், லீவுக்குப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்பான். மருந்து வேளையைக் காலண்டரில் டிக் போடும் வேலையை அவனிடம் கொடுக்கலாம்.

கடைசி_பெஞ்சு:
எல்லோரும் மாமியாரைத் திட்டத் தயாராக இருப்பது தெரிகிறது. பகலில் அந்த நாய்க்குச் சோறு வைப்பது யார்? ஸ்டீராய்டு போட்டால் தண்ணீராகக் குடிக்கும், வீடு முழுக்க மூத்திரம் போகும், துடைக்கப்போவதும் அவரே. முன்கூட்டியே அவரிடம் யாராவது சொன்னார்களா?

வெண்டைக்காய்_சாம்பார்:
அவர்தான் வைக்கிறார் 🙂 கேட்டால் மீந்த சோறு என்பார், ஆனால் அதற்கென்றே தனியாகக் குழையவிட்டு இறக்குகிறார். யாரும் அவரிடம் எதுவும் விளக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை போய் நானே பேசுகிறேன். ஸ்டீராய்டு இன்னும் தொடங்கவில்லை, டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு அப்படியே இருக்கிறது. வேப்பேரிக்கு வண்டி நான் எடுக்கிறேன் என்று அத்தானிடம் சொன்னேன், சரி என்றார். கீமோ ஆரம்பித்தால் மூத்திரத்தை வெறும் கையால் துடைக்கக் கூடாது என்கிறார்களே, உண்மையா?

கால்நடை_டாக்டர்:
உண்மை. மருந்து ஏறிய பிறகு குறைந்தது மூன்று நாளைக்குக் கையுறை போட்டுத் துடைக்கணும், மருந்துக்கடையில் கிடைக்கும் நைட்ரைல் கையுறை போதும். பையனும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வேண்டாம். ஒரு வாரம் கழித்து ரத்தத்தில் வெள்ளணு இறங்கும், அப்போது காய்ச்சலோ சாப்பிடாமல் படுத்துவிடுவதோ இருந்தால் காலை வரை காத்திருக்காமல் கூட்டிப்போங்கள்.