மாடியில் கட்டில் இழுக்கிறார்கள், ஜூன் வந்துவிட்டது

மாடிவீட்டம்மா, திருப்பதி:

நேற்று காலை தலைக்கு மேலே கட்டில் இழுக்கும் சத்தம் கேட்டது. மாடியில் வாடகைக்கு இருக்கும் காலேஜ் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இரண்டு மாதமாக வாசலில் எங்கள் செருப்பு மட்டும் கிடந்தது. இப்போது ஒன்பது ஜோடி சேர்ந்திருக்கிறது. மாடியில் இருப்பது என்னவோ நான்கு பேர்தான்.

எங்கள் வீடு பாலாஜி காலனிப் பக்கம். 1954-இல் வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் வந்தது, 1983-இல் பெண்களுக்கான பத்மாவதி பல்கலைக்கழகம். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் மாடி கட்டியவர்களில் எத்தனை பேர் சொந்தக் குடும்பத்துக்காகக் கட்டினார்கள், சொல்லுங்கள் பார்ப்போம். நாங்களும் கடன் வாங்கித்தான் கட்டினோம். கடப்பா, அனந்தபூர் பிள்ளைகளின் வாடகையில்தான் அந்தக் கடன் அடைகிறது. ஆனாலும் மோட்டார் போட்டு ஒரு மணி நேரத்தில் தொட்டி காலியானால் என் வாயில் வருவது வசவுதான். கோலத்தின் மேலேயே பைக்கை நிறுத்துவார்கள். யாருக்காவது பிறந்தநாள் என்றால் நடு ராத்திரியில் மாடிப்படி முழுக்க உடைத்த முட்டை. "இந்தத் தடவையாவது குடும்பத்துக்கு விடு" என்று மாமியார் ஒவ்வொரு ஜூனிலும் சொல்வார். ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கும் காசு ஒரு குடும்பத்திடம் கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும்.

2020 மார்ச் 20-ஆம் தேதி மலையில் தரிசனத்தை நிறுத்தினார்கள். அது ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜ்காரர்கள் கவலை என்றுதான் நினைத்தேன். நாலைந்து நாளில் ஊரடங்கு. பிள்ளைகள் போர்வையைக்கூட மடிக்காமல் ஓடினார்கள். அப்புறம் தெரு அமைதி, தொட்டி நிறையத் தண்ணீர், கோலம் கலையவே இல்லை. நான் கேட்டதெல்லாம் கிடைத்தது. கடன் தவணையை ஆறு மாதம் தள்ளிப்போட்டார்கள், வட்டியைத் தள்ளவில்லை. முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் மெஷின் மேல் துணியைப் போர்த்திவிட்டுத் தக்காளி விற்றார்.

2021 நவம்பர் மழையில் எங்கள் கூடத்தில் முழங்கால் தண்ணீர். மாடிப் பிள்ளைகள் முதலில் அரிசி மூட்டையைத் தூக்கினார்கள், அப்புறம் மாமியாரை நாற்காலியோடு. மூன்று நாள் அவர்கள் அறையில்தான் இருந்தார். கழுவாத தட்டுகளைப் பார்த்துத் திட்டித் தீர்த்தார். "அவ்வா, தினண்டி" (பாட்டி, சாப்பிடுங்க) என்று அவர்கள் கிண்டிய ராகி சங்கடியைக் கொடுத்தால், "நம்ம களிதானே, இதுக்கு எதுக்கு இத்தனை அலட்டல்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு உருண்டை சாப்பிட்டார். தண்ணீர் வடிந்து கீழே இறங்கிய அன்று ராத்திரியே, "சத்தம் தாங்கல, குடும்பத்துக்கு விடு" என்று ஆரம்பித்துவிட்டார்.

உங்கள் ஊரில் எப்படி?

அதே தெரு:

அக்கா, வாடகை உங்களுக்கு மட்டும் வருகிறது, சத்தம் எங்களுக்கும் வருகிறது. உங்கள் போர்வெல்லும் என் போர்வெல்லும் உறிஞ்சுவது ஒரே தண்ணீரைத்தான். இப்போது நான் லாரித் தண்ணீர் வாங்குகிறேன். அதையும் இங்கே எழுதியிருக்கலாம்.

மாடிவீட்டம்மா:

உண்மைதான் தம்பி. அது எனக்குத் தோன்றவே இல்லை.

பழைய கண்டக்டர்:

எனக்குச் சித்தூருங்க. ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். பிரைவட் பஸ்ஸில் இருபத்தாறு வருஷம் ஓடினேன். எங்கள் ஊர் அரசுக் கல்லூரி 1947-இல் தொடங்கியது. தமிழ்த் துறையும் உண்டு. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் எங்கள் பஸ்ஸில்தான் வருவார்கள்.

கேரளாவில் குறைந்த கட்டணம் 10 ரூபாய், மாணவர்களுக்கு 1 ரூபாய். டீசல் எத்தனையோ தடவை ஏறியாயிற்று, அந்த ஒரு ரூபாய் அங்கேயே நிற்கிறது. காலை எட்டரை ட்ரிப்பில் அறுபது பேர் ஏறினால் நாற்பது பேர் கன்செஷன். எங்கள் தினப்படி கலெக்‌ஷனைப் பொறுத்தது. அதனால் பஸ் கிளம்பும் வரைக்கும் பிள்ளைகளை ஏற விடமாட்டோம். படியில் நிற்கும் உதவியாள், கிளி என்போம், அவன் மணி அடித்த பிறகுதான் ஏறலாம். சீட் காலியாக இருந்தாலும் உட்காரக் கூடாது. லீவு விட்டால் முதல் வாரம் எங்களுக்குக் கொண்டாட்டம். அடுத்த வாரம் முதலாளி ட்ரிப்பைக் குறைப்பார், வேலை இல்லாமல் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்போம்.

என் மகள் பாலக்காட்டில் படித்தாள். ஒரு நாள் சாயங்காலம் தொப்பலாக நனைந்து வந்து, "உங்க ஆளுங்கதான்ப்பா ஏத்தலை" என்றாள். மறுநாளிலிருந்து நான் திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய். மழைக்கு மட்டும் முன்னாலேயே ஏற்றிக்கொண்டேன். வெயிலுக்கு வழக்கம்போல் வெளியில்தான் நிறுத்தினேன்.