தொட்டி பின்கட்டில், அப்பத்தா முகப்பில்: எந்த போர்டு போடலாம்?

கோட்டையூர்ப் பேரன்:

வணக்கம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் எங்கள் பூர்வீக வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீளமாகப் போகும். இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் அப்பத்தா மட்டும் இருக்கிறார். ஒத்தாசைக்கு ஒரு அக்கா காலையில் வந்து மதியம் போய்விடுவார். நான் சென்னையில் வேலை.

பிரச்சினை தண்ணீர்த் தொட்டி. தொட்டி பின்கட்டு மாடியில், மோட்டார் சுவிட்ச் இரண்டாங்கட்டில். சுவிட்சைப் போட்டுவிட்டு அப்பத்தா முகப்புக்கு வந்து உட்கார்ந்தால், தொட்டி நிரம்பிக் கொட்டுவது அங்கே கேட்காது. கொட்டிக் கொட்டிப் பின்சுவரில் பாசி பிடித்துவிட்டது. சுண்ணாம்புப் பூச்சு உப்பி உதிர்கிறது. அதே மாதிரி இன்றைக்குப் பூசித் தர ஆள் தேடினால், கூலியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்ப வேண்டியதுதான்.

இரண்டாவது, வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கட்டில், எங்கள் பங்குக்கு உள்ள அறை. பர்மா காலத்துப் பேரேடுகள், தேக்குப் பெட்டி, அப்பத்தாவுக்குச் சீராக வந்த சாமான் எல்லாம் அதற்குள். மழைக்காலத்தில் திறந்தால் ஒரு வாடை. உள்ளே ஈரப்பதம் எவ்வளவு என்று தெரிந்தால் நல்லது.

என்னிடம் ஒரு ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ (கையடக்கக் கம்ப்யூட்டர்), ஒரு இஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன கட்டுப்பாட்டு போர்டு), ஒரு டிஹெச்டி11 (ஈரப்பத சென்சார்), ஒரு ஹெச்சி-எஸ்ஆர்04 (ஒலியலையால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார்) இருக்கின்றன. வைஃபை ரவுட்டர் முகப்பில். வளவைத் தாண்டினால் சிக்னல் இல்லை. சுவர் இரண்டடி கனம். துளை போடலாம் என்றால், நடுவில் உள்ள அறைகள் பெரியப்பா வீட்டுக்கும் மற்ற பங்காளிகளுக்கும் உள்ளவை, பாதி பூட்டிக் கிடக்கிறது. யார் சுவரில் ஆணி அடித்தாலும், பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைக்கும் படைப்பன்று பஞ்சாயத்துதான். ராஸ்பெர்ரி பையை வைத்து ஏதாவது செய்யலாமா? போன் ஆப் மாதிரி வந்தால் அப்பத்தாவுக்கும் சுலபம்.

ரவுட்டர் ரசிகன்:

மெஷ் வைஃபை வாங்கிவிடுங்கள். மூன்று பெட்டி வரும். முகப்பில் ஒன்று, வளவில் ஒன்று, பின்கட்டில் ஒன்று. முடிந்தது கதை.

கோட்டையூர்ப் பேரன்:

நன்றி. ஆனால் வளவில் பிளக் பாயின்ட் கிடையாது. அப்புறம் ஒன்று சொல்ல விட்டுப்போனது. அப்பத்தா ராத்திரி படுக்கப் போகும்போது மெயினையே அணைத்துவிடுவார். எவ்வளவு சொல்லியும் கேட்கமாட்டார்.

வைண்டிங் கடை, தேவகோட்டை:

தம்பி, அந்தக் கடைசி வரியை முதலிலேயே சொல்லியிருந்தால் ரவுட்டர் தம்பிக்கு வேலை மிச்சம். தினமும் மெயினை அணைக்கிற வீட்டில் பை வேண்டாம். அது லினக்ஸ் ஓடுகிற முழுக் கம்ப்யூட்டர். எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், என்றாவது ஒருநாள் கார்டு கெட்டு எழுந்திருக்காது. கார்டில் எழுதாதபடி ஓவர்லே முறைக்கு மாற்றலாம்தான். ஆனால் தொட்டி நிரம்பியதா இல்லையா என்று சொல்ல அவ்வளவு பெரிய ஆள் எதற்கு? பையைச் சென்னைக்கே எடுத்துப் போங்கள், வேறு எதற்காவது உதவும்.

நான் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பகலில் செப்புக் கம்பி, ராத்திரியில் இந்தச் சின்ன போர்டுகள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வீட்டைப் பாருங்கள். எல்லா நிலைக்கதவையும் திறந்து முன்வாசலில் நின்றால் பின்வாசல் நேராகத் தெரியும். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படிக் கட்டு எல்லாம் ஒரே கோட்டில்தான் இருக்கும். உங்கள் ரவுட்டர் எங்கே இருக்கிறது? முகப்பில் ஏதோ ஒரு மூலையில், டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும். அங்கிருந்து சிக்னல் பின்கட்டுக்குப் போக நாலு சுவரைக் குறுக்காகத் துளைக்க வேண்டும். செங்கல்லும் சுண்ணாம்பும், அதுவும் ஈரம் குடித்த சுவர், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையைச் சும்மா விழுங்கிவிடும். அதே சிக்னலை வாசல் நிலைகளின் கோட்டில் வைத்தால் நடுவில் சுவரே இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 செ.மீ.தான், நிலை மூன்றடிக்கு மேல். தாராளமாக நுழைந்து போகும். ஆகவே பங்காளி சுவரை யாரும் தொட வேண்டாம்.

தொட்டிப் பக்கத்து போர்டை மாடியில் வைக்காதீர்கள். தண்ணீர்க் குழாயோடு சேர்த்து ஒயரைக் கட்டிக் கீழே இறக்கி, போர்டைப் பின்வாசல் நிலைக்கு மேலே, அந்தக் கோட்டில் தொங்கவிடுங்கள். முகப்பில் உள்ள போர்டும் அதே கோட்டில். இரண்டும் ரவுட்டர் இல்லாமல் நேராகப் பேச இஎஸ்பி-நவ் என்று ஒன்று இருக்கிறது, ஒரு தடவைக்கு 250 பைட் அனுப்பலாம். உங்களுக்கு ஒரு பைட் போதும்.

ராத்திரி கதவுகளைச் சாத்துவீர்கள், அப்போதும் தொடர்பு வேண்டும் என்றால் லோரா என்ற ரேடியோ முறை. வேகம் குறைவு, ஆனால் மிக மெல்லிய சிக்னலையும் பிடித்துக்கொள்ளும். எஸ்எக்ஸ்1276 சிப் உள்ள 868 மெகாஹெர்ட்ஸ் மாட்யூலாக வாங்குங்கள். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், எனவே நிரலில் 866 என்று மாற்றிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டு நிரல்களில் வேறு எண் இருக்கும், அப்படியே ஏற்றிவிடாதீர்கள். ஆன்டெனா மாட்டாமல் சேதி அனுப்பினால் மாட்யூல் போய்விடலாம். இதைப் பெரிய எழுத்தில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள்.

அடுத்து சென்சார். ஹெச்சி-எஸ்ஆர்04-ஐத் தொட்டி மூடியில் மாட்டினால் நீராவியில் துருப்பிடித்துவிடும். தண்ணீர் புகாத ஜேஎஸ்என் வகை இருக்கிறது, ஆனால் அது 20, 25 செ.மீ.க்குள் இருப்பதைப் பார்க்காது. நிரம்பப் போகிற நேரம்தான் நமக்கு முக்கியம், அங்கேதான் அதற்குக் கண் தெரியாது. என்னைக் கேட்டால் அல்ட்ராசோனிக்கே வேண்டாம். தண்ணீரில் மிதந்து இயங்கும் ப்ளோட் சுவிட்ச் இரண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று. எத்தனை லிட்டர் என்ற கணக்கு ஆச்சிக்கு வேண்டியதில்லை. நிரம்பிவிட்டது, தீரப்போகிறது, இரண்டே சேதி.

ப்ளோட்டில் இன்னொரு சௌகரியம். அல்ட்ராசோனிக் என்றால் போர்டு அடிக்கடி விழித்து அளந்து பார்க்க வேண்டும். ப்ளோட் என்றால், தண்ணீர் வந்து தூக்கும்போது அதுவே போர்டை எழுப்பிவிடும். மற்ற நேரம் முழுக்க டீப் ஸ்லீப், அதாவது ஆழ்ந்த தூக்கம். ஒன்றைக் கவனியுங்கள்: விழித்துச் சேதி அனுப்பியதும், அடுத்து எழுப்ப வேண்டிய நிலையை எதிர்நிலைக்கு மாற்றிவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தொட்டி நிறைந்திருக்கும் வரை அது விழித்துக்கொண்டே இருக்கும்.

பேட்டரிக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். இஎஸ்பி32 சிப் தூக்கத்தில் பத்து மைக்ரோஆம்பியர் அளவுதான் எடுக்கும். ஆனால் சாதாரண டெவ் போர்டில் சிவப்பு எல்இடி, யுஎஸ்பி சிப், ரெகுலேட்டர் எல்லாம் விழித்தே இருக்கும். பத்து மில்லிஆம்பியர் போகிறது என்று வைத்தால், 2500 எம்ஏஹெச் 18650 வகை லித்தியம் செல் 250 மணி நேரத்தில் காலி. பத்து நாள். எனவே கையில் உள்ள போர்டை முகப்பில் அடாப்டரில் போடுங்கள். பின்வாசலுக்கு, தூக்கத்தில் மைக்ரோஆம்பியர்தான் எடுக்கும் என்று குறிப்புத் தாளில் போட்டிருக்கிற போர்டாகப் பார்த்து வாங்குங்கள். முகப்பில் உள்ளது மெயினோடு அணைந்துபோனால் போகட்டும். மெயின் இல்லாதபோது மோட்டாரும் ஓடாதே.

மோட்டாரைத் தானாக நிறுத்த வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். போர்டு சொன்னபடி திறந்து மூடும் சின்ன சுவிட்சான அந்த நீல நிற ரிலேயில் 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும். 1 ஹெச்பி மோட்டார் ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர்தான், ஆனால் கிளம்பும் நொடியில் அதற்கு ஐந்தாறு மடங்கு இழுக்கும். காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்கவே நிற்காது. அப்புறம் கருகிய காயிலோடு என் கடைக்கு வருவீர்கள், எனக்கு வருமானம்தான். வேண்டுமென்றால் ரிலேயை வைத்து, மோட்டாருக்கென்றே உள்ள கனமான சுவிட்சான காண்டாக்டரை இயக்குங்கள், காண்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். அதுவும் ஊர் எலக்ட்ரீஷியன் கையால். இப்போதைக்கு அறிவிப்பு மட்டும் போதும்.

போன் ஆப்பை விடுங்கள். முகப்பில் ஆச்சி உட்காருகிற இடத்துக்கு எதிரில் இரண்டு விளக்கு. சிவப்பு எரிந்தால் தொட்டி நிரம்பிவிட்டது, போய் மோட்டாரை நிறுத்த வேண்டும். மற்றது எரிந்தால் தண்ணீர் தீரப்போகிறது. அவ்வளவுதான். உங்களுக்குப் போனில் வேண்டுமென்றால் முகப்பு போர்டு வைஃபையில் உங்களுக்குத் தனியாக அனுப்பட்டும்.

சிக்ரி ரோடு:

வைண்டிங் கடை அண்ணன் சொன்னதில் பெரும்பாலும் சேர்க்க ஒன்றுமில்லை. 1953 முதல் மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊர் காரைக்குடி, பேட்டரியைப் பற்றி இங்கே யாராவது வாயைத் திறக்காமல் இருக்க முடியுமா? நான் திறக்கிறேன். செல்லை வெயிலில் வைக்காதீர்கள். சூரியத் தகடு போட்டு மாடியிலேயே சார்ஜ் செய்யலாம் என்று யாராவது சொல்வார்கள். சாதாரண லித்தியம் அயான் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். கீழே நிழலில் வைத்து, செல்லை மாற்றி மாற்றிப் போடுவதே உத்தமம்.

மாடியிலிருந்து வரும் நீள ஒயர் இடி மின்னல் நேரத்தில் வேண்டாததை எல்லாம் பிடித்துக்கொண்டு வரும். ஒயர் போர்டில் சேரும் முனைக்கு (‘பின்’ என்பார்கள்) முன்னால் 1 கே ரெசிஸ்டர், அந்த முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 100 நானோபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள். பக்கத்தில் இடி விழுந்தால் இது காப்பாற்றாது, ஆனால் பொய்யாக விழிப்பது நின்றுவிடும். சுவிட்ச் திறந்திருக்கும்போது முனையை 3.3 வோல்ட்டில் பிடித்துவைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் 100 கே போதும்.

எனக்கு அந்த அறைதான் முக்கியமாகத் தெரிகிறது. பேரேடுகள் போனால் போனதுதான். டிஹெச்டி11-ஐ ஒதுக்கிவிடுங்கள், 5 சதவீதம் முன்னே பின்னே காட்டும், ஈரம் கூடிய பக்கத்தில் இன்னும் மோசம். எஸ்ஹெச்டி31 வாங்குங்கள், 2 சதவீதத்துக்குள் நிற்கும். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க அடுப்படி உப்பே போதும். ஒரு மூடியில் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் சேறாகும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, சென்சாரோடு காற்றுப் புகாத டப்பாவில் ஒரு ராத்திரி வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும்.

சென்சார் இரண்டு வேண்டும், அறைக்குள் ஒன்று, வளவு முற்றத்தில் ஒன்று. அளந்தால் மட்டும் அறை காய்ந்துவிடாது. எப்போது கதவைத் திறந்துவைப்பது என்பதுதான் கேள்வி. இதில் சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். மழை விட்ட ஒரு காலையில் வெளியே 24 டிகிரி, 90 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 30 டிகிரி, 70 சதவீதம். வெளியேதான் ஈரம் அதிகம், கதவைத் திறக்கக் கூடாது என்று தோன்றும். கணக்குப் போட்டால் வெளியே ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 19.5 கிராம் நீராவி, உள்ளே 21 கிராம். திறந்தால்தான் அறைக்கு நல்லது. இந்தக் கணக்கை போர்டே போடட்டும், திறக்கலாம் என்றால் ஒரு நீல விளக்கு.

தேக்குத் தூணில் திருகு ஏற்றாதீர்கள். நாடா வைத்துக் கட்டுங்கள், தூணுக்கும் ஒன்றும் ஆகாது.

கோட்டையூர்ப் பேரன்:

அனைவருக்கும் நன்றி. இந்த வாரம் ஊருக்கு வந்து பார்த்தேன். நண்பனிடம் ஒரு இஎஸ்பி32 இரவல் வாங்கி, இஎஸ்பி-நவ்வில் சோதித்தேன். கதவுகள் திறந்திருந்தால், கோட்டில் வைத்தபோது அனுப்பியதெல்லாம் வந்தது. முகப்பு போர்டை இரண்டடி தள்ளிச் சுவருக்குப் பின்னால் வைத்தவுடன் ஒன்றுமே இல்லை. கதவைச் சாத்தினால் பாதி தொலைகிறது. அதனால் லோரா ஆர்டர் போட்டுவிட்டேன். அறைக்கதவைத் திறந்துவைக்க அப்பத்தாவும் சம்மதம், நீல விளக்கு எரியும்போது அந்த அக்காவை விட்டுத் திறக்கச் சொல்கிறாராம்.

ஒரே சந்தேகம். பின்வாசல் செல் தீர்ந்துபோனால் சிவப்பு எரியாது. அப்பத்தா எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாரே?

வைண்டிங் கடை, தேவகோட்டை:

நல்ல கேள்வி. பின்வாசல் போர்டு அரை மணிக்கு ஒருமுறை விழித்து, ‘இருக்கிறேன்’ என்று ஒரு சேதியும் செல்லின் வோல்டேஜும் அனுப்பட்டும். அது வருகிற வரைக்கும்தான் முகப்பில் தனியாக ஒரு பச்சை விளக்கு எரிய வேண்டும். ஒரு மணி நேரம் சேதி இல்லையென்றால் பச்சை தானாக அணையும். பச்சை இல்லாத நேரத்தில் மோட்டார் போட்டால் பழையபடி பின்கட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆச்சியிடம் சொல்லிவையுங்கள். காலையில் மெயின் போட்டதும் அடுத்த சேதி வர அரை மணி வரை ஆகலாம், அதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் உங்களுக்குப் போன் வரும். வோல்டேஜ் 3.5-க்குக் கீழே இறங்கினால் உங்கள் போனுக்கு எச்சரிக்கை வரும்படி வையுங்கள், அடுத்த முறை ஊருக்கு வரும்போது செல்லை மாற்றிக்கொள்ளலாம். செல் வோல்டேஜை நேராக போர்டின் முனையில் கொடுக்காதீர்கள், முழு சார்ஜில் 4.2 இருக்கும், முனை தாங்குவது 3.3. இரண்டு 100 கே ரெசிஸ்டர் போட்டுப் பாதியாக்கிக் கொடுங்கள். வோல்டேஜை அளக்கும் முனைகளில் ஏடிசி2 வகை வைஃபையோடு சேர்ந்து வேலை செய்யாது, 34, 35 மாதிரி ஏடிசி1 முனையாகப் பாருங்கள். லோரா வந்ததும் நிரலை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.