ரீபூட் செய்தால் ஐபிடேபிள்ஸ் விதிகள் காணாமல் போகின்றன, எப்படி சேமிப்பது?

தேக்கா_பையன்
சிராங்கூன் ரோட்டில் மாமா கடையில் பில்லிங்குக்கு ஒரு உபுண்டு சர்வர் ஓடுகிறது, நான் ஈசூனில் இருந்து பார்த்துக்கொள்கிறேன். லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில், எஸ்எஸ்எச்சுக்கான (தூரத்திலிருந்து லாகின் ஆகும் வழி) போர்ட் 22ஐ என் வீட்டு ஐபிக்கு மட்டும் திறந்து மற்றதை அடைத்தேன், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ரீபூட் ஆனதும் எல்லாம் போய்விட்டது. விதிகளை எழுத்தாகத் தரும் ஐபிடேபிள்ஸ்-சேவ் முன்னால் சூடோ (ரூட், அதாவது அட்மின் உரிமையில் ஓட்டும் கட்டளை) போட்டு, ">" குறியால் இடிசி என்ற சிஸ்டம் ஃபோல்டருக்குள் ஒரு ஃபைலுக்கு அனுப்பினால் "பெர்மிஷன் டினைட்" என்கிறது. சூடோ போட்டும் ஏன்?

உட்லண்ட்ஸ்_பென்குயின்
தம்பி, விதிகள் கெர்னலின் (சிஸ்டத்தின் மையப் பகுதி) மெமரியில்தான் இருக்கின்றன, மெஷின் அணைந்தால் போய்விடும். சூடோ அந்தக் கட்டளைக்கு மட்டும்தான் ரூட் உரிமை தரும். ">" குறியைக் கவனிப்பது உங்கள் ஷெல் (நீங்கள் கட்டளை தட்டும் புரோகிராம்), அது சாதாரண யூசராகவே ஃபைலைத் திறக்கப் பார்க்கிறது, அதனால்தான் அடி விழுகிறது. பைப் (|) போட்டு "சூடோ டீ" வழியாக எழுதுங்கள், டீ தனக்கு வருவதை ஃபைலில் எழுதும் கட்டளை.

ஆனால் ஃபைலில் எழுதினால் மட்டும் போதாது, பூட் ஆகும்போது யாராவது அதைத் திரும்ப ஏற்ற வேண்டுமே. ஐபிடேபிள்ஸ்-பெர்சிஸ்டென்ட் பேக்கேஜைப் போட்டுவிட்டு "சூடோ நெட்ஃபில்டர்-பெர்சிஸ்டென்ட் சேவ்" கொடுங்கள். ஐபிவி4க்கு ரூல்ஸ்.வி4, ஐபிவி6க்கு ரூல்ஸ்.வி6 என இரண்டு ஃபைலையும் அதுவே எழுதும், அதுவே ஏற்றும். புதிய வகை ஐபி முகவரியான ஐபிவி6க்குத் தனியாக விதி எழுதினீர்களா? வி4ஐ மட்டும் அடைத்துவிட்டு அந்தக் கதவைத் திறந்தே வைத்திருப்பவர்கள் நிறைய. யூஎஃப்டபிள்யூ (உபுண்டுவின் எளிய ஃபயர்வால் கருவி) வைத்திருந்தால் இது எதுவும் வேண்டாம், அது தானே நினைவில் வைக்கும், இரண்டையும் கலக்காதீர்கள்.

பாஷ்_அக்கா
சேமிக்க அவசரப்படாதீங்க. சேமிக்காத வரை, வெளியே பூட்டிக்கொண்டால்கூட கடையில் யாரையாவது ரீபூட் பண்ணச் சொன்னால் போதும், பழையபடி உள்ளே வரலாம். சேமித்த பிறகு மாட்டினால் எம்ஆர்டி ஏறித்தான் போகணும். வீட்டு பிராட்பேண்ட் ஐபி மாறினாலும் இதே கதிதான், அதையும் யோசிங்க. ஓடுகிற செஷனை மூடாமல் இன்னொரு விண்டோவில் புதிதாக லாகின் ஆகுதா என்று பார்த்துவிட்டு சேமிங்க. ஐபிடேபிள்ஸ்-அப்ளை என்று ஒன்று இருக்கு, விதிகளைப் போட்டுவிட்டு காத்திருக்கும், 10 வினாடிக்குள் நீங்க சரி சொல்லலைன்னா பழையதற்கே திருப்பிவிடும். தூரத்தில் இருக்கிற சர்வருக்கு நான் அது இல்லாமல் கை வைப்பதே இல்லை.

தேக்கா_பையன்
நன்றி அண்ணே, அக்கா. அதே சர்வரில் டாக்கரும் (புரோகிராம்களைத் தனித்தனி கன்டெய்னர்களில் ஓட்டும் கருவி) ஓடுகிறது, பிரச்சினை வருமா?

உட்லண்ட்ஸ்_பென்குயின்
வரும். டாக்கர் ஸ்டார்ட் ஆகும்போது தன் விதிகளைத் தானே போட்டுக்கொள்ளும். நீங்கள் சேமிக்கும்போது அதுவும் சேர்ந்து ஃபைலில் போய்விடும், நாளை கன்டெய்னரின் ஐபி மாறினால் பழைய வரிகள் அப்படியே கிடக்கும். ரூல்ஸ்.வி4ஐத் திறந்து டாக்கர் சம்பந்தப்பட்ட வரிகளை எடுத்துவிட்டு உங்களுடையதை மட்டும் வையுங்கள்.