தொட்டி சென்சாருக்கு ஏன் பேட்டரி தாங்கவில்லை?

சித்தப்பா: மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் மட்டம் அளக்கும் சென்சார் மறுபடியும் படுத்துவிட்டது. புது 18650 லித்தியம் பேட்டரி, ஒரு வாரம்கூட வரவில்லை. கோடில் டீப் ஸ்லீப், அதாவது வேலை இல்லாத நேரம் சிப் தூங்கும்படி போட்டிருக்கிறேன். 15 நிமிடத்துக்கு ஒரு தடவைதான் எழுகிறது.

அத்தை: ஏண்டா தம்பி, பேசாமல் கரண்ட் ஒயர் இழுத்துவிடேன்.

அக்கா: தண்ணீரும் மழையும் படுகிற இடத்தில் 230 வோல்ட் வேண்டாம் அத்தை. பேட்டரியே போதும். சித்தப்பா, எந்த போர்டு? சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறதா?

சித்தப்பா: யுஎஸ்பி சொருகுகிற இஎஸ்பி32 போர்டும்மா, வைஃபை சிப் இருக்கிறதே அது. ஆமாம், எரிகிறது.

அக்கா: சிப் தூங்கினாலும் போர்டு விழித்துக்கொண்டே இருக்கிறது. தூங்கும் சிப்புக்கு 10 மைக்ரோ ஆம்பியர் போதும். பக்கத்தில் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் சும்மா இருக்கவே 5 மில்லி ஆம்பியர் எடுக்கும், 500 மடங்கு! விளக்கு, யுஎஸ்பி சிப் எல்லாம் சேர்ந்து 10 மில்லி ஆம்பியர் என்றால் 2500 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) பேட்டரி பத்து நாளில் காலி. அல்ட்ராசோனிக் சென்சாரும் சேர்ந்தால் ஒரு வாரம்தான்.

நான்: மீட்டர் வைத்துப் பார்த்துவிடவா அக்கா?

அக்கா: பாருடா. பேட்டரியின் பிளஸ் ஒயரைப் பிரித்து நடுவில் மீட்டர். ஆனால் மில்லி ஆம்பியரின் சின்ன ரேஞ்சில் அப்படியே ஆன் செய்யாதே. வைஃபை கிளம்பும்போது 200 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டருக்குள்ளேயே வோல்டேஜ் விழுந்து போர்டு ரீசெட் ஆகும். மீட்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு ஒயர் போட்டு ஆன் செய், தூங்கியதும் அந்த ஒயரை எடுத்துவிட்டுப் பார்.

நான்: 👍

சித்தப்பா: அப்போ என்னதான் மாற்றணும்?

அக்கா: போர்டுக்குப் பதில் விளக்கு, யுஎஸ்பி எதுவும் இல்லாத வெறும் இஎஸ்பி32 மாட்யூல், கூடவே எச்டி7833 ரெகுலேட்டர். அது சில மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும். சென்சாருக்கு ஒரு மாஸ்ஃபெட் (சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வைத்து, அளக்கும் நேரம் மட்டும் கரண்ட் கொடுங்கள்.

அப்புறம் வைஃபை. ரூட்டரைத் தேடி, ஐபி முகவரி வாங்கி, அனுப்பி முடிக்க 5 விநாடி, சராசரி 100 மில்லி ஆம்பியர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதிலேயே ஆறு மாதம் ஓடும். ஐபியை நிலையாகக் கொடுத்துவிட்டால் இன்னும் குறையும். எனக்குப் பிடித்தது இஎஸ்பி-நவ். ரூட்டரே வேண்டாம், ஹாலில் சார்ஜரில் சொருகிய இன்னொரு இஎஸ்பி32-க்கு நேராக அனுப்பிவிட்டு அரை விநாடிக்குள் தூங்கப் போய்விடும்.

அத்தை: ராத்திரி யாரும் குளிப்பதில்லையே, அப்போதும் அனுப்பணுமா?

அக்கா: நல்ல கேள்வி அத்தை! போன தடவை அளந்ததை ஆர்டிசி மெமரியில் வைத்தால் தூக்கத்திலும் அழியாது. மட்டம் மாறவில்லை என்றால் ரேடியோவையே எழுப்ப வேண்டாம். சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை அனுப்பினால் போதும்.

சித்தப்பா: சரிம்மா, சாயங்காலம் ரிச்சி ஸ்ட்ரீட் போய் வாங்கி வருகிறேன்.

அக்கா: மாட்யூலில் புரோகிராம் ஏற்ற யுஎஸ்பி-சீரியல் அடாப்டரும் வாங்குங்கள். வைஃபை இழுக்கும்போது வோல்டேஜ் விழாமல் இருக்க 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. தம்பி, மீட்டர் காட்டுவதை இந்தக் குரூப்பிலேயே படம் எடுத்துப் போடு.