ஏழு சீட்டு ஸ்டட் போக்கர்: எப்போது விலகுவது?

அனைவருக்கும் வணக்கம். போக்கரின் இன்னொரு வகையான டெக்சஸ் ஹோல்டெம் ஓரளவு ஆடத் தெரியும். ஏழு சீட்டு ஸ்டட் கற்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. இதில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் பொதுச் சீட்டுகளே கிடையாது; ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஏழு சீட்டு, சில மூடியும் சில திறந்தும் வரும். எதிராளிகளின் திறந்த சீட்டுகளைப் படிப்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. அதுதான் என்னை ஈர்த்தது, அதில்தான் தடுமாறுகிறேன்.

நேற்று நடந்த ஒரு சுற்றைச் சொல்கிறேன். ஏழு பேர் ஆட்டம். முதல் மூன்று சீட்டும் எனக்கு ஆட்டின் (ஹார்ட்ஸ்): மூடியவை ராணியும் எட்டும், திறந்தது ஐந்து. ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) கிடைத்துவிடும் என்று மகிழ்ந்து பந்தயத்தைத் தொடர்ந்தேன். மற்றவர்களின் திறந்த ஆறு சீட்டுகளில் நான்கு ஆட்டின் என்பதை நான்காவது சீட்டு வந்த பிறகே கவனித்தேன். அதாவது, தொடக்கத்திலேயே எனக்குத் தெரியாத 43 சீட்டுகளில் ஆறு மட்டுமே ஆட்டின். எனக்கு வேண்டியது இன்னும் இரண்டு. ஏழாவது சீட்டு வரை இழுத்தடித்து, இரண்டு ஜோடி வைத்திருந்தவரிடம் தோற்றேன். ஆரம்பத்திலேயே விலகியிருக்க வேண்டும், இல்லையா?

என் கேள்விகள் இவை. மூன்று சீட்டு ஒரே இனமாக வரும்போது, அந்த இனத்தில் எத்தனை வெளியே தெரிந்தால் விலகுவீர்கள்? மூடிய சீட்டுகளில் ஒரு சிறிய ஜோடி, திறந்தது ஏஸ். எதிரே ராஜாவைக் காட்டிக்கொண்டு ஒருவர் பந்தயத்தை ஏற்றுகிறார் என்றால் தொடர்வீர்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, விலகியவர்கள் கவிழ்த்துவிட்ட சீட்டுகளை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறீர்கள்? எனக்கு ஐந்தாவது சீட்டுக்குள் பாதி மறந்துவிடுகிறது. அனுபவமுள்ளவர்கள் உங்கள் பழக்கத்தைச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.