கெராச்சுட்டா, கொடிமலையா? சித்தப்பாவுக்கு ஏற்ற நடைபாதை எது?

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் கோயம்புத்தூரிலிருந்து என் சித்தப்பா பினாங்கு வருகிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஆனால் வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஆண்டுதோறும் ஏறுகிறவர். "கடைத்தெரு எல்லாம் வேண்டாம், காடும் கடலும் காட்டு" என்று தொலைபேசியிலேயே கட்டளை போட்டுவிட்டார். நடப்பதற்கு ஒரு முழுநாள்தான் கிடைக்கும்.

என் மனம் பினாங்கு தேசியப் பூங்காவையே சுற்றுகிறது. தெலுக் பஹாங் நுழைவாயிலைத் தாண்டினால் பாதை இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் குரங்குக் கடற்கரை வழியாக, 1883-இல் கட்டப்பட்ட முக்கா ஹெட் கலங்கரை விளக்கம். இடப்பக்கம் காட்டைக் கடந்து பந்தாய் கெராச்சுட் கடற்கரை. அங்கே நன்னீர் மேலும் உப்புநீர் கீழுமாக, ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும் ஓர் ஏரி இருக்கிறது. எனக்குக் கெராச்சுட் பக்கம்தான் சாய்வு. ஆனால் மழை குறைந்தால் ஏரி வற்றிவிடும். அவ்வளவு தூரம் நடத்திச் சேற்றைக் காட்டினால் சித்தப்பா என்னைச் சும்மா விடமாட்டார்!

இன்னொரு யோசனை: தண்ணீர்மலைப் பக்கம் மூன் கேட் என்ற வாயிலில் தொடங்கிக் கொடிமலை (பினாங்கு ஹில்) ஏறிவிட்டு, மலை ரயிலில் இறங்குவது. ஏற்றம் அவருக்குப் பொருட்டல்ல. நம் ஊர்ப் புழுக்கம்தான் கவலை. பத்து நிமிடத்தில் சட்டையைப் பிழியலாம்.

அண்மையில் போனவர்கள் சொல்லுங்கள்: ஏரியில் இப்போது தண்ணீர் இருக்கிறதா? கலங்கரை விளக்கப் பாதை திறந்திருக்கிறதா? கெராச்சுட்டிலிருந்து திரும்பப் படகை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டுமா, கடற்கரையிலேயே கிடைக்குமா?