கதிர்வீச்சில் கழுத்துத் தோல் உரிகிறது: கற்றாழை, மஞ்சள் பூசலாமா?

பொன்னிமகன்:
அப்பாவுக்குக் கன்னப் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை முடிந்து, கதிர்வீச்சு ஐந்தாவது வாரத்தில் இருக்கிறது. கழுத்து இரு பக்கமும் கருத்துவிட்டது. வலது மடிப்பில் தோல் உரிந்து நீர் கசிகிறது. சட்டைக் காலர் பட்டாலே துடிக்கிறார். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொல்கிறார் அத்தை. தோட்டத்தில் கற்றாழை இருக்கிறது. மருத்துவரிடம் வாய் திறப்பதற்குள் அடுத்தவரை அழைத்துவிடுகிறார்கள். எதைப் பூசலாம்?

செல்லம்மாள்:
என் கணவருக்கும் இதே இடம், இதே கோலம். தோல் உரியாதவரை தேங்காய் எண்ணெய் இதமாக இருந்தது. நீர் கசிந்ததும் அதையும் நிறுத்தச் சொன்னார்கள். காலர் சட்டைகளை எடுத்து வைத்துவிடுங்கள் தம்பி, கழுத்தில்லாத பருத்தி ஜிப்பாதான் சரி.

துரை:
மத்தன் தைலம் வாங்குங்கள். என் மாமாவின் சர்க்கரைப் புண்ணையே ஆற்றியது.

ஊதாமருந்து:
கதிர்வீச்சுப் பிரிவில் தொழில்நுட்பராக இருக்கிறேன். துரை ஐயா, மத்தன் தைலத்தில் ஊமத்தை இலையோடு துருசும் சேர்கிறது. அது தாமிர உப்பு. கதிர் விழும் தோலில் உலோகம் கலந்த பூச்சை நாங்கள் தவிர்க்கச் சொல்கிறோம். சர்க்கரைப் புண் வேறு, இது வேறு.

பொன்னிமகன், நீர் கசியும் தோலில் அரைத்த இலை எதுவும் வேண்டாம். கிருமி சேரும், மஞ்சள் சாயத்தில் சிவப்பும் சீழும் கண்ணுக்குத் தப்பிவிடும்.

மூலிகையே பயனற்றது என்று சொல்லவில்லை. 2004இல் பிரான்சில் 254 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வில், காலெண்டுலா (சாமந்தி வகைப் பூ) களிம்பு பூசியவர்களில் 41 சதவீதத்தினருக்கும், அங்கே கதிர்வீச்சுத் தோலுக்கு வழக்கமாகப் பூசும் டிரோலமின் க்ரீம் பூசியவர்களில் 63 சதவீதத்தினருக்கும் நடுத்தரமான அல்லது அதைவிடக் கடுமையான தோல் பாதிப்பு வந்தது. 2014இல் வெளியான மங்களூரு ஆய்வு உங்கள் அப்பாவைப் போன்ற தலை, கழுத்து நோயாளிகளைப் பற்றியது. மஞ்சளும் சந்தன எண்ணெயும் கலந்த க்ரீம், பேபி ஆயிலைவிட நன்றாகக் காத்தது. ஆனால் சிறிய ஆய்வு. இரண்டிலும் தோல் முழுதாக இருக்கும்போதே பூசத் தொடங்கினார்கள், அதுவும் தயாரித்து விற்கும் களிம்பை. அம்மியில் அரைத்த விழுதை அல்ல. கற்றாழை குளிர்ச்சி தரும், அவ்வளவுதான். 1996இல் அமெரிக்காவில் மருந்தில்லாத ஜெல்லோடு ஒப்பிட்டபோது வேறுபாடு தெரியவில்லை.

ஹோமியோபதிக் கடையில் காலெண்டுலா தாய்க்கரைசல் கிடைக்கும். வாங்கிவிடாதீர்கள், அதில் ஆல்கஹால் இருக்கிறது. உரிந்த தோலில் தீயாக எரியும்.

நாளை அப்பாவை மெஷினில் படுக்க வைப்பவரிடமே கழுத்தைக் காட்டுங்கள். அன்றே டாக்டரை வரவழைப்பது எங்கள் வேலை. சலைனால் கழுவி ஒட்டாத டிரெசிங் வைப்பார்கள். சில இடங்களில் ஜென்ஷன் வயலட் என்ற ஊதா நிறக் கிருமிநாசினி தடவுவதும் உண்டு. காய்ச்சலோ நாற்றமோ இருந்தால் இன்றே கிளம்புங்கள். சிகிச்சை முடிந்த பிறகும் ஓரிரு வாரம் தோல் மோசமாகும், அதற்குப் பதறவேண்டாம்.

பொன்னிமகன்:
காட்டினேன். டாக்டர் வந்து பார்த்து டிரெசிங் போட்டார், சிகிச்சையை நிறுத்தத் தேவையில்லை என்றார். அத்தைதான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை! இன்னொன்று: தாடி வளர்ந்து அரிக்கிறது என்கிறார், சவரம் செய்யலாமா?

ஊதாமருந்து:
பிளேடு கூடாது. உரியாத இடத்தில் மட்டும் எலெக்ட்ரிக் ஷேவர். லோஷன் எதுவும் போடவேண்டாம்.